பத்துமலைப் பூசாரி நிறுத்திய வரிசை

எங்கள் பாலத்தடித் தோட்டத்தில் பத்துமலைப் பூசாரியைவிடப் பயந்த மனிதன் கிடையாது. இளக்காரமாகச் சொல்லவில்லை. அவருக்கே அது தெரியும். "எனக்குப் பயம்ப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் அதை மீசைக்குள் ஒளித்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

காலையில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுவார். சாயந்தரம் குளித்து விபூதி பூசிக்கொண்டு மாரியம்மன் கோயில் விளக்கை ஏற்றுவார். மேட்டுக் காட்டில் புலி நடமாடுகிறது என்று ஆட்கள் பின்வாங்கிய மாதம், அந்த மர நிரையில் தன்னந்தனியாக நின்று வெட்டியவர் அவர். புலிக்கு அவர் பயப்பட மாட்டார். கையில் புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொண்டு பேர் கேட்கிறவனைக் கண்டால்தான் அவருக்குக் கால் நடுங்கும். ஒன்பது வயசில் தாயோடு கப்பல் ஏறி வந்தவர். ஊருக்குள் விடுமுன் எல்லாரையும் ஒரு தீவுக் கொட்டகையில் இறக்கி வைத்தார்கள். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் புத்தகத்தைப் பார்த்து அவர் தாயின் பேரைக் கூப்பிட்டார். காய்ச்சலோடு அவள் எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. ஏன் என்று இந்தப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷம் ஆகியும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தன் பேரைக் கூப்பிட்டால் அவருக்கு வாயில் எச்சில் வற்றிவிடும்.

இப்படிப்பட்ட ஆள்தான் சர்க்காருக்கும் எங்கள் கோயில் சபைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற பாதையில் எந்தத் தோட்டத்தில் பார்த்தாலும் ஆட்கள் வெளுத்துக் கிடந்தார்கள். கால் வீங்கும். நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கும். பிள்ளைகள் மண்ணை அள்ளித் தின்னும். எல்லாம் வயிற்றில் கிடக்கும் கொக்கிப்புழு பண்ணுகிற வேலை என்றும், வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கிறவன் உடம்பில் அது ஏறுகிறது என்றும் சர்க்கார் சொன்னது. நாங்கள் கேட்டுக்கொண்டோம். நம்பவில்லை.

முதல் தடவை புழு மருந்துக் கூட்டம் வந்தபோது வீட்டுக்கு ஒரு மூடிபோட்ட டின்னைக் கொடுத்து, மலத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். டின் நல்ல டின். என் வீட்டில் அதில் உப்புப் போட்டு வைத்தோம். அதைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இரண்டே பேர். இரண்டாம் தடவை அவர்கள் வந்த லாரிச் சத்தம் கேட்டதுமே ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பாதி ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. காம்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அந்த மருந்தைத் தின்ற ஒருவன் மறுநாளே செத்துப்போனான் என்று சேதி வந்திருந்தது. கள் குடித்துவிட்டு மருந்து தின்றதால் செத்தான் என்பது எங்கள் காதுக்கு வரவில்லை. செத்தான் என்பது மட்டும் வந்தது.

மூன்றாம் தடவை சுகாதார இன்ஸ்பெக்டர் தனியாக வந்தார். பஞ்சலிங்கம் என்று பேர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான ஆள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைக் கூட்டி வரவில்லை. லாரியைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வெள்ளிக்கிழமை சாயந்தரம். கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பூசை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விபூதி கொடுக்கும்போது பூசாரி கை ஆடியதில் பாதி அவர் சட்டையில் விழுந்தது.

"சபைக்காரர் ஆர்?" என்று கேட்டார்.

சபைத் தலைவர் உடையப்பன் முன்னால் வந்தார். பெரிய தொண்டை உள்ள மனிதர். சீனி என்கிற நானும் சபையில் ஓர் ஆள். பூசாரி தூணுக்குப் பின்னால் நின்றார்.

"நான் அதிகாரம் பண்ண வரேல்லை," என்றார் பஞ்சலிங்கம். "எனக்கு ஒரு உதவி வேணும். இந்த மருந்து நல்ல மருந்து. ஆனா கள்ளுக் குடிச்சவன்ர வயித்துக்குள்ள போனா நஞ்சு. ஆர் குடிச்சவன் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டுப் பாருங்களேன்," என்றார் உடையப்பன்.

"கேட்டா உண்மை சொல்லுவினமோ?"

உடையப்பன் சிரித்தார். "எவன் சொல்லுவான்? சொன்னா நாளைக்கே கிராணி காதுக்குப் போவும். அடுத்த நாளு பேரு வெட்டு. லயத்த விட்டுப் பொண்டாட்டி புள்ளையோட தெருவுல நிக்கணும். போன மாசம் ரெண்டு குடும்பம் போச்சுல்ல?"

"என்ர புத்தகம் தோட்டத்துத் துரையிட்டைப் போகாது. ஈப்போவுக்குத்தான் போகும்."

"எல்லா ஐயாமாரும் இப்படித்தான் சொல்லுறாங்க."

அதற்கு இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "ஓம், சொல்லுறவைதான்," என்று தலையை ஆட்டிக்கொண்டார். இந்த ஆளோடு பேசலாம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து பூசாரி உடையப்பன் காதில் ஏதோ சொன்னார். "சத்தமாச் சொல்லுய்யா, ஐயா ஒன்னைத் தின்னுற மாட்டாரு," என்று உடையப்பன் அவரை முன்னால் இழுத்துவிட்டார்.

"அடுத்த வாரம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறோம் சாமி," என்று பூசாரி தரையைப் பார்த்துச் சொன்னார். "காப்புக் கட்டுனவன் கள்ளத் தொடமாட்டான். கவிச்சி திங்க மாட்டான். தோட்டத்து எல்லையத் தாண்ட மாட்டான். எட்டு நாளைக்கு. அப்பக் குடுத்தீங்கன்னா..."

பஞ்சலிங்கம் பூசாரியின் கையைப் பார்த்தார். பிறகு, "அப்ப கையில கயிறு இருந்தா நான் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. உங்கட கயிறுதான் எனக்குச் சீட்டு," என்றார்.

பேசி முடித்தோம். மருந்தை ஆஸ்பத்திரியில் கொடுக்கக்கூடாது, கோயில் திடலில் கொடுக்க வேண்டும். பெண்களுக்குப் பெண் நர்ஸ்தான் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் பேர் கிடையாது, நம்பர்தான். காப்புக் கட்டிய ஐந்தாம் நாள், கிழக்கு வெளுத்ததும், வெறும் வயிற்றில். எல்லாவற்றுக்கும் அவர் சரி என்றார். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: கயிறு பொய் சொல்லக்கூடாது.

அன்றிலிருந்து பூசாரிக்குச் சோறு இறங்கவில்லை. "ஒங்க அண்ணன் வெத்து எலைய வெறிச்சுக்கிட்டே ஒக்காந்திருக்காரு," என்று அவர் சம்சாரம் கருப்பம்மாள் என்னிடம் வந்து அழுதாள். நான் போய் அதட்டினேன்.

"எதுக்குய்யா பயப்படுற? யோசனை சொன்னதே நீதானே?"

"அதான்டா பயம், சீனி," என்றார். "எங் கயித்த நம்பி மருந்து குடுக்கப்போறாங்க. ஒருத்தன் செத்தா?"

 வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துவிட்டேன்.

காப்புக் கட்டு நாளில் நூற்று நாற்பது பேர் கை நீட்டினார்கள். மஞ்சள் தோய்த்த நூலில் வேப்பிலை வைத்து ஒவ்வொருவருக்கும் கட்டினார். கட்டும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். வழக்கமாக அவர் யார் முகத்தையும் பார்க்கிறவர் அல்ல.

ஐந்தாம் நாள் விடிந்தது. மலைக்குக் கீழே பனி இன்னும் கலையவில்லை. திடலில் மேசை போட்டு மருந்துக் குப்பிகளை அடுக்கியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் நர்ஸம்மா, பெண்கள் வரிசை. இந்தப் பக்கம் ஆண்கள் வரிசை. பஞ்சலிங்கம் நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பூசாரி தாம்பாளத்தில் கற்பூரமும் விபூதியும் வைத்துக்கொண்டு, மருந்து தின்றவர்களுக்குப் பூசிவிடத் தயாராகக் கோயில் படியில் நின்றார்.

இதற்குச் சற்று முன்னால் கோயில் பின்புறம் நடந்தது ஒன்று. அதை அப்புறம் பூசாரியே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்னையா என்று ஒரு வெட்டுக்காரன். மச்சினன் கல்யாணத்துக்குக் காம்பார் போயிருந்தவன், அன்றைக்கு விடியற்காலையில்தான் திரும்பி வந்தான். கையில் காப்பு இல்லை. அவன் கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கியிருந்தன. பாதி மரம்கூட வெட்ட முடியவில்லை என்று கிராணி எச்சரித்திருந்த ஆள். மருந்தை விட்டால் வேலை போய்விடும் என்று அவன் பெண்டாட்டி இருளாயி பூசாரி காலைப் பிடித்துவிட்டாள்.

"ஒரு கயிறு கட்டிவிடுங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

முதல் நாள் கட்டாதவனுக்கு நடுவில் கட்டுகிற வழக்கமில்லை. பூசாரிக்கு அது தெரியும். ஆனால் மறுத்தால் இவள் ஒப்பாரி வைப்பாள், கூட்டம் கூடும், இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து என்ன ஏது என்று கேட்பார். அந்தப் பயத்தில் கட்டிவிட்டார். சின்னையா வாய் நிறைய வெற்றிலையும் கிராம்பும் அடக்கியிருந்தான். குடித்தாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

சின்னையா இடித்துக்கொண்டு வரிசையின் முன்னால் போனான். கை நீட்டினான், கயிற்றைப் பார்த்தார்கள், மருந்தைக் கொடுத்தார்கள், விழுங்கினான். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளித்தவன் விபூதிக்காகப் பூசாரி முன்னால் குனிந்தான். அப்போதுதான் அவருக்குக் கள் வாடை அடித்ததாம்.

நான் வரிசையில் பத்தாள் பின்னால் நின்றேன். பூசாரி முகம் சாம்பல் பூத்ததைப் பார்த்தேன்.

"குடிச்சியா?" என்று அவர் கேட்டாராம்.

"கல்யாண வீடுண்ணே. ராவு நெறய. காலையில கொஞ்சூண்டு. சத்தம் போடாதீங்க, வேலை போயிரும்."

தாம்பாளம் ஆடியது. கற்பூரம் கீழே விழுந்து படியில் எரிந்தது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒருவன் விழுங்கினான். அடுத்தவன் கை நீட்டினான். சொன்னால் சின்னையாவுக்கு வேலை போகும், சபை பேர் கெடும், சர்க்கார் இனி எங்களை நம்பாது. சொல்லாவிட்டால் அவன் சாவான். பூசாரி வாயைத் திறந்து திறந்து மூடினார். தண்ணீருக்கு வெளியே கிடக்கிற மீனைப் பார்த்திருக்கிறீர்களா, அப்படி.

"நிறுத்துங்க!"

அந்தக் குரலை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அவர் உடம்பு வெடவெடவென்று ஆடியது, கண் மேலே செருகியது. "சாமி வந்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைச் சொம்போடு கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினாள். பறையைத் தேடிக்கொண்டு ஒருவன் ஓடினான். உடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, என்ன கொறை சொல்லு தாயே!" என்று காலில் விழுந்தார்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அப்படியே ஆடியிருந்தால் போதும். அம்மன் பேரைச் சொல்லி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பழி எதுவும் அவர்மேல் வந்திருக்காது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"சாமி வரல," என்றார் பூசாரி. பல் கிட்டித்தது. மஞ்சள் தண்ணீர் மூக்கில் வழிந்தது. "எந்திரிங்க தலைவரே. நாந்தான் பேசுறேன். பயத்துல ஆடுது."

குலவை நின்றது. அவர் மேசைக்கு நடந்து போனார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் குனிந்து சொன்னார். பஞ்சலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மேசையைச் சுற்றி ஓடிவந்து சின்னையாவைப் பிடித்தார். பேதி உப்பைக் கரைத்துக் குடிக்க வைத்தார். ஒரு சீட்டு எழுதி, லாரியில் ஏற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இருளாயி தலைவிரிகோலமாய் லாரிக்குப் பின்னால் ஓடினாள்.

பிறகு அவர் பூசாரியிடம் கேட்டதுதான் பெரிய கேள்வி. "வேற ஆரும்?"

"தெரியாது சாமி."

"தெரியாட்டி நான் இப்ப மூடிக்கொண்டு போகவேணும். பிறகு இந்தத் தோட்டத்துக்கு ஆரும் வரமாட்டினம்."

வரிசையில் இன்னும் அறுபது பேர் நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூசாரி எங்கள் பக்கம் திரும்பினார்.

"சின்னையாவுக்கு நான் இன்னிக்குக் காலையிலதான் கட்டுனேன். கேக்காமக் கட்டுனேன். அது எந்தப்பு," என்றார். "உங்கள்ளயும் யாராச்சும் இருப்பீங்க. கயித்த அவுத்து இந்தத் தாம்பாளத்துல போட்டுட்டுப் போயிருங்க. யாருன்னு நான் பார்க்கல. கண்ண மூடிக்கிறேன். ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். செத்துராதீங்கப்பா."

சொல்லிவிட்டு நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

யாரும் அசையவில்லை. அப்போது பஞ்சலிங்கம் புத்தகத்தை மூடினார். நாற்காலியைத் தூக்கி மலையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மருந்து கொடுத்தவனையும், "டேய், நீயும் திரும்படா," என்றார். வேப்பமரத்தடியில் நர்ஸம்மாவும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

முதலில் போனது யார் என்று நான் எழுதப்போவதில்லை. மூன்றாவதாகப் போனது நான். முந்தின நாள் மழையில் நனைந்து வந்தேன், ஒரு மொந்தைக் கள் உள்ளே போனது, காப்பு ஈரமாகக் கையில் கிடந்தது. முடிச்சை அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன். தாம்பாளம் என் முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. மொத்தம் ஏழு கயிறு விழுந்தது. ஏழாவது போட்டவர் தொண்டையைச் செருமினார். கண் மூடியிருந்தாலும் பூசாரிக்கு அது யாருடைய தொண்டை என்று தெரியாமல் இருக்காது. பெரிய தொண்டை.

முன்னாலேயே மருந்து தின்றிருந்த பன்னிரண்டு பேரிடமும் பூசாரி ஒவ்வொருவராகக் காதில் கேட்டார். அவர்கள் சுத்தம். அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பினார். வரிசை மறுபடி நகர்ந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் காத்துக் கிடந்தோம். உள்ளே சின்னையா வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இருளாயி மண்ணில் உட்கார்ந்து, "நீ கட்டுன கயிறுதானே பூசாரி! நீ கட்டுன கயிறுதானே!" என்று ஓயாமல் கத்தினாள். அவர் ஒரு கல்லின்மேல் குந்தி, "ஆமாத்தா, நான் கட்டுனதுதான்," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். பதில் சொல்லாதேய்யா என்று நான் கையைப் பிடித்தேன். 

அப்போது கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார்.  பஞ்சலிங்கம் அப்போதுதான் உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

"எத்தனை பேர் குடிச்சிருந்தானுங்க மிஸ்டர் பஞ்சலிங்கம்? துரை பேர் கேக்கிறார்," என்றார் கிராணி.

"கணக்கு ஈப்போவுக்குப் போகும். அங்க எழுதிக் கேக்கச் சொல்லும்."

"பேர் எழுதலியா?"

"நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தனான்."

கிராணிக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நேராகப் பூசாரியிடம் வந்தார். "டேய் பத்துமலை! தாம்பாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீதானே? எவன் எவன் போட்டான்? ஒழுங்காச் சொல்லு. இல்லே ஒம் பேரை வெட்டிருவேன்."

பூசாரி எழுந்து நின்றார்.  நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தாலே போதும், கிராணிக்குப் புரிந்துவிடும். என் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், லயத்து வீடு எல்லாம் அந்தப் பார்வையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் பார்க்கவில்லை. "கண்ண மூடிக்கிட்டிருந்தேனுங்க," என்றார்.

"அந்தாள் மலையைப் பார்த்தாராம், நீ கண்ணை மூடிக்கிட்டியாம். என்னடா, பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"இல்லீங்க," என்றார் பூசாரி. அது உண்மைதான். அவர்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை.

கிராணி பேரை வெட்டவில்லை. திருவிழா நடுவில் பூசாரியை வெளியே அனுப்பினால் ஆட்கள் மரம் வெட்டப் போகமாட்டார்கள் என்று துரைக்கே தெரியும். ஆனால் அது அப்புறம் தெரிந்த கதை. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

சின்னையா சாகவில்லை. இரண்டாம் நாள் கண் மஞ்சள் பூத்தது, வயிறு கல்லாய் இறுகியது. பஞ்சலிங்கம் முதல் மூன்று நாளும் ஈப்போவிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் எழுந்து நடந்தான். நடந்து வந்தவன் பூசாரியைப் பார்த்து, "ஊரைக் கூட்டி மானத்த வாங்கிட்டீரே," என்று காறித் துப்பினான். அவரும் துடைத்துக்கொண்டு போனார்.

ஆறு வாரம் கழித்து இரண்டாம் சுற்று மருந்து. இப்போது திருவிழா இல்லை, காப்பு இல்லை. கயிறு இல்லாமல் எப்படி என்று ஈப்போவில் கேட்டார்களாம். பூசாரி இருக்கிறார் என்று பஞ்சலிங்கம் சொன்னாராம். அவர் நாற்காலியை மலைப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பூசாரி வரிசை நெடுக வந்து ஒவ்வொருவர் காதிலும் கேட்டார். அவர் உதடு அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

சின்னையா கடைசியில் நின்றான். பூசாரி தயங்கித் தயங்கி அவன் காதருகே போனார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"குடிச்சியாப்பா?"

சின்னையா மரத்தைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான்.

"நேத்து சாயந்தரம். ஒரு மொந்தை."

"அப்ப புதன்கெழம வந்துரு. ஐயாகிட்டச் சொல்லி ஒனக்குன்னு ஒரு வேளை மருந்து வைக்கச் சொல்றேன்," என்றார் பூசாரி.